புலி வேஷம் போடத் தெரியாதவர்

முதல் காட்சி தொடங்கும்போதே வாக்குவாதம் பாதி முடிந்திருக்கிறது. பிரான்ஸில் அரசு நடத்தும் வேலைவாய்ப்பு அலுவலகம். மேசைக்கு இந்தப் பக்கம் தியெரி, வயது 51, வேலை போய் 20 மாதம் ஆகிறது. கிரேன் ஓட்டும் பயிற்சிக்குப் போகச் சொன்னார்கள், போனார். மாதக்கணக்கில் படித்து முடித்த பிறகுதான் தெரிகிறது, கட்டட வேலையில் முன் அனுபவம் இல்லாத ஆளை எந்தக் கம்பெனியும் கிரேனில் ஏற்றாது. இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்கிறார். எதிரில் இருப்பவர் கெட்டவர் இல்லை. அவரிடம் பதிலும் இல்லை. வேறு என்ன செய்யலாம் என்று பேச்சை நகர்த்துகிறார்.

ஸ்டெஃபான் பிரிஸேயின் 'லா லுவா தூ மார்ஷே' 2015-ல் வந்தது. தலைப்புக்குச் சந்தையின் சட்டம் என்று பொருள். தியெரியாக நடித்த வின்சென்ட் லிண்டனுக்கு அந்த வருடம் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. நான் முதலில் பார்த்தது அதற்கு அடுத்த வருடம். எனக்கு அப்போது 44 வயது, வேலையில் இருந்தேன். "நல்ல படம்தான், முதல் பாதி கொஞ்சம் இழுவை" என்று கூட வந்த நண்பனிடம் சொன்னேன். வேலையில் இருக்கிறவனுக்கு அது இழுவையாகத்தான் தெரியும் என்பது இரண்டாம் முறை பார்த்தபோது புரிந்தது. அப்போது எனக்கு 52. சென்னையில் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பிழை திருத்திப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் 22 வருடம் இருந்துவிட்டு, அது ஒரு புதன்கிழமை மதியம் முடிந்துபோய், 11 மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டுரை அந்த முதல் பாதியைப் பற்றியது. இரண்டாம் பாதியுடன் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் பாதியில் கதை என்று பெரிதாக எதுவும் நகர்வதில்லை. தியெரி ஒவ்வொரு மேசையாகப் போய் உட்காருகிறார். வங்கியில் ஒரு பெண், வீட்டை விற்றுவிடலாமே என்கிறார். அவர் மறுத்ததும் ஆயுள் காப்பீடு பற்றி எடுத்துச் சொல்கிறார். (செத்தால் குடும்பத்துக்கு உதவும் என்ற தகவலை ஒரு வேலையில்லாதவரிடம் இவ்வளவு இதமாகச் சொல்ல முடியும் என்பதை அங்கேதான் பார்த்தேன்.) பழைய ஆலையின் தோழர்கள் வழக்குப் போடலாம் என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு இது போதும், விட்டுவிடுங்கள் என்று ஒதுங்குகிறார். கடலோரத்தில் இருக்கும் சிறிய நடமாடும் வீட்டை விற்கப் போய், சில நூறு யூரோ பேரத்தில் ரோஷம் வந்து வியாபாரத்தையே முறித்துக்கொள்கிறார். பணம் தேவைப்படுகிறவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று 44 வயதில் நினைத்தேன். 52-ல் அந்தக் கேள்வியே எழவில்லை. ஒரு வருடமாகத் தன் விலையை மற்றவர்கள் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆளுக்கு, தானே விலை சொல்ல ஒரு பொருள் கிடைத்திருக்கிறது. அதிலும் இறங்கிப்போக வேண்டுமா?

இந்த மேசைகளுக்குப் பின்னால் இருப்பவர்களில் யாரும் நடிகர்கள் இல்லை. லிண்டன் ஒருவரைத் தவிர பெரும்பாலும் எல்லாரையும் பிரிஸே நிஜ வாழ்க்கையிலிருந்தே எடுத்தார். வங்கி ஊழியராக வருகிறவர் வங்கி வேலையை அறிந்தவர். அதனால் என்ன ஆகிறதென்றால், ஒரு தேர்ந்த நடிகர், தாங்கள் தினமும் செய்யும் வேலையைச் செய்துகொண்டிருக்கும் சாதாரண மனிதர்கள் நடுவே மாட்டிக்கொள்கிறார். அந்த அறையில் நடிக்க வேண்டிய கட்டாயம் அவர் ஒருவருக்குத்தான். வேலை தேடுகிறவரின் நிலையும் அச்சாக இதுதான். வடிவமும் விஷயமும் ஒன்றாகிவிடுகிற இடம் என்று விமர்சகர்கள் சொல்வார்களே, அது எனக்கு இந்தப் படத்தில் கிடைத்தது.

இரண்டு காட்சிகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, கணினி வழியாக நடக்கும் நேர்காணல். கேமரா தியெரியின் மேலேயே நிற்கிறது. எதிர்ப்பக்கம் குரல் மட்டும். முன்பிருந்ததைவிடக் குறைந்த பதவி என்றால் சம்மதமா? சம்மதம். குறைந்த சம்பளம்? சம்மதம். நேரம் முன்பின் ஆகும், பரவாயில்லையா? பரவாயில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய பிறகு, உங்கள் விண்ணப்பம் சரியாக எழுதப்படவில்லை என்று குரல் ஒரு பாடம் எடுக்கிறது. கடைசியாக, வாய்ப்பு மிகவும் குறைவு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன் என்கிறது. ஒளிக்காமல் சொன்னதற்காக தியெரி நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு இதே உரையாடல் தமிழில் நடந்தது. "சார், உங்க டீம் லீடுக்கு 29 வயசு. நீங்க கம்ஃபர்டபிளா இருப்பீங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். அக்கறையான குரல்தான். "தாராளமா இருப்பேம்மா" என்றேன். அந்த 'ம்மா' வாயிலிருந்து விழுந்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது, வேலை போய்விட்டது.

இன்னொன்று, பயிற்சி வகுப்பு. தியெரி கொடுத்த மாதிரி நேர்காணலைப் படம்பிடித்து, அவரையும் உட்காரவைத்து எல்லாருக்கும் போட்டுக் காட்டுகிறார்கள். பயிற்சியாளர் ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்கிறார். கருத்துச் சொல்கிறவர்களும் வேலையில்லாதவர்கள்தான். கூன் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சட்டைப் பொத்தான் திறந்திருக்கிறது. சிரிக்கவில்லை. குரல் உள்ளே போகிறது. யாரும் புண்படுத்தும் எண்ணத்தில் சொல்லவில்லை, சொல்வது எல்லாமே உண்மையும்கூட. ஆலையில் இயந்திரம் ஓட்டிய மனிதர் அவர். முதுகு அப்படித்தான் இருக்கும். வேலை செய்து வந்த வளைவை, வேலை கிடைக்க வேண்டுமானால் மறைக்க வேண்டும். லிண்டன் அந்தக் காட்சியில் ஒன்றுமே செய்வதில்லை, குறித்துக்கொள்வது போலத் தலையை மட்டும் அசைக்கிறார். அவருக்குக் கொடுத்த விருதை அந்தத் தலையசைப்புக்கு மட்டுமே கொடுத்திருந்தாலும் தகும்.

இந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' ஞாபகம் வந்தது. வாசித்திருப்பீர்கள். ஒரு சினிமா ஸ்டுடியோவின் கதை இலாகாவுக்கு ஒருவர் வேலை கேட்டு வருகிறார். பெயர் காதர். என்ன தெரியும் என்று கேட்டால் டகர் பாயிட் என்கிறார். புலிச் சண்டை. இவர்களுக்கு முதலில் புரியவில்லை, அதன் பிறகு அவர் செய்து காட்டுகிறார். அந்த அலுவலக அறைக்குள் உண்மையிலேயே ஒரு புலி வந்துவிடுகிறது. செய்து முடித்த பிறகு மறுபடி வேலை கேட்டு நிற்கும் மனிதராகிவிடுகிறார். அவர்களிடம் கொடுக்க வேலை இல்லை. பின்னால் ஒரு வாய்ப்பு வந்து கடிதம் போட்டால் கடிதம் திரும்பி வருகிறது, ஆளைக் காணோம்.

அந்தக் கதையைக் கல்லூரிக் காலத்திலிருந்து கலைஞனின் அவலம் பற்றிய கதை என்றே வாசித்து வந்திருக்கிறேன். கலைக்கு மதிப்பில்லாத உலகம், பசி, இத்யாதி. வேலை தேடும் மாதங்களில் திரும்ப வாசித்தபோது வேறொன்று தெரிந்தது. அது ஒரு நேர்காணல் கதை. அதிலும் காதருக்கு ஒரு நல்ல நேர்காணல் கிடைத்திருக்கிறது! உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள். செய்து காட்ட இடம் இருந்தது. பார்த்தவர்கள் மிரண்டார்கள், நெகிழ்ந்தார்கள். வேலை கிடைக்காதது வேறு விஷயம், அவர் கையில் இருந்தது என்ன என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

தியெரியிடம் படம் முழுக்க யாரும் ஓர் இயந்திரத்தைக் காட்டி இதை ஓட்டு பார்க்கலாம் என்று சொல்வதில்லை. அத்தனை வருடம் அவர் எதைச் செய்தாரோ அதை நாம் ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. 25 வயதுக்காரரிடம் என்ன தெரியும் என்று கேட்கிறார்கள். 50-ஐத் தாண்டியவரிடம் நீங்கள் எப்படிப்பட்டவர், வளைவீர்களா, சின்னவர்கள் சொன்னால் கேட்பீர்களா, எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்கிறார்கள். தெரிந்தது தெரிந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதாவது, எதற்கும் உதவாததாக. காதர் புலியாக நடித்தார். தியெரி தியெரியாக நடிக்க வேண்டியிருக்கிறது, அதுவும் கொஞ்சம் இளைய, கொஞ்சம் சிரித்த முகமுள்ள தியெரியாக. புலியாவதைவிட இது கஷ்டம்.

கென் லோச்சின் 'ஐ, டேனியல் பிளேக்' (2016) இதே இடத்தைத் தொடுகிறது. நியூகாஸிலில் 59 வயதுத் தச்சர், மாரடைப்பு வந்தவர். வேலைக்குப் போகக் கூடாது என்கிறார் மருத்துவர், போகலாம் என்கிறது அரசின் மதிப்பீடு. உதவித்தொகை வேண்டுமென்றால் வாரத்துக்கு 35 மணி நேரம் வேலை தேடியதாக நிரூபிக்க வேண்டும். எந்த வேலையை அவரால் ஏற்க முடியாதோ அதைத் தேடுகிறார். ஒரு முதலாளி உண்மையாகவே கூப்பிட்டுவிடுகிறார், இவர் வர முடியாது என்று சொல்ல, அந்த ஆளுக்கு வருகிற கோபம் நியாயமானது. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நிமிடம் அது. மற்றபடி லோச் நம் பக்கம் யார், எதிர்ப்பக்கம் யார் என்று கோடு போட்டுவிடுகிறார். ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர் பிரிஸேயைவிடக் கருணையானவர். டேனியல் மரத்தில் மீன் செதுக்குவதை நமக்குக் காட்டுகிறார். அரசாங்கத்துக்குத் தெரியாத கையை நாமாவது பார்க்கிறோம்.

ஆர்தர் மில்லரை விட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது. 1949-ல் மேடையேறிய 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தில் வில்லி லோமனுக்கு 63 வயது. அவர் கேட்பது புது வேலைகூட இல்லை, ஊர் ஊராகக் காரில் அலையாமல் நியூயார்க் அலுவலகத்திலேயே ஓர் இடம். முதலாளி ஹோவர்ட், வில்லி குழந்தையாகப் பார்த்தவன். அவன் புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் தன் பிள்ளைகளின் குரலைப் போட்டுப் போட்டுக் காட்டுகிறான், இவர் வந்த விஷயத்தைச் சொல்லக் காத்திருக்கிறார். அப்புறம் வாரம் 65 டாலர் கேட்கிறார். அப்புறம் 50. அப்புறம் 40. எதிரில் இருப்பவன் பேரம் பேசவே இல்லை, இவரே இறங்கிக்கொண்டு வருகிறார். நாடக இலக்கியத்தில் இதைவிடக் கொடூரமான இறங்குவரிசை ஒன்றை நான் அறியேன். கத்திச் சண்டையும் விஷமும் கொண்ட எத்தனையோ காட்சிகளைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டபோது முதல் மாதம் பழைய சம்பளத்தைச் சொன்னேன். நான்காம் மாதம் அதில் முக்கால். ஒன்பதாம் மாதம், "நீங்க பாத்து எது குடுத்தாலும் சரி" என்றேன். அந்தப் பையன் ஒரு எண் சொன்னால்தான் படிவத்தில் ஏற்ற முடியும் என்றான்.

முதல் மேடையேற்றத்தில் வில்லியாக நடித்த லீ ஜே. காப் என்ற நடிகருக்கு அப்போது வயது 37. தலையை நரைக்கவைத்து, தோளைத் தளர்த்தி முதுமையை ஏற்றிக்கொண்டு நடித்தார், நாடகம் முடிந்ததும் கழற்றி வைத்தார். என் குளியலறையில் இருந்தது நேர் எதிரான ஒப்பனைப் பெட்டி. நேர்காணல் இருந்தால் முந்தின நாள் இரவு மீசைக்குச் சாயம். விண்ணப்பத்தில் கல்லூரி முடித்த வருடத்தை எடுத்துவிட்டேன். முதல் இரண்டு வேலைகளையும் எடுத்துவிட்டேன், 1996-ம் 1999-ம் அவ்வளவு பெரிய குற்றங்கள் போல. அப்படியும் தளங்களில் பிறந்த வருடம் கேட்கும் பெட்டி வரும். விரலால் கீழே, கீழே, இன்னும் கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

அமெரிக்காவில் 1967-ல் ஒரு சட்டம் வந்தது, 40 வயதைக் கடந்தவர்களை வயதைக் காரணமாக வைத்து வேலையில் ஒதுக்கக் கூடாது என்று. வில்லியின் கதை மேடையேறி 18 வருடம் கழித்து. நல்ல சட்டம்தான். ஆனால் ஹோவர்ட் அந்தக் காட்சியில் வில்லியின் வயதைப் பற்றிப் பேசுவதே இல்லை. வியாபாரம் வியாபாரம்தான் என்ற தொனியில்தான் பேசுகிறான். இது எனக்கு மில்லரின் மேதைமையாகப் படுகிறது. காரணம் எப்போதும் வேறொன்றாகத்தான் இருக்கும்.

அந்த வேறொரு காரணத்தை நானும் எழுதியிருக்கிறேன்.

2012. எனக்கு 40 வயது, 14 பேர் கொண்ட குழுவுக்குத் தலைவன். பிழை திருத்துநர் வேலைக்கு ஆள் எடுக்கிறோம். ஒருவர் வந்தார், 54 வயது. ஒரு பத்திரிகையின் மெய்ப்பு பார்க்கும் பிரிவில் வேலை செய்து, அந்தப் பிரிவையே எடுத்துவிட்டதால் வெளியே வந்தவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் சிவப்புப் பேனா. நான் கேட்ட கேள்விகள் இன்றும் ஞாபகம் இருக்கின்றன. எங்கள் மென்பொருள் பழக்கமா? இரவு ஷிஃப்ட் ஒத்துவருமா? சின்னப் பசங்களோடு எப்படி? எல்லாவற்றுக்கும் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றார். என்னை சார் என்றார். கடைசியில், "ஒரு பக்கம் குடுங்க சார், பத்து நிமிஷத்துல பாத்துக் காட்டறேன்" என்று பேனாவை எடுத்தார்.

நான் "பரவாயில்ல சார், தேவையில்ல, நாங்க சொல்லி அனுப்பறோம்" என்றேன். படிவத்தில் 'ஓவர் குவாலிஃபைடு' என்று எழுதினேன். பொய் இல்லை. அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று மட்டும் யோசிக்கவில்லை. அவர் பேனாவின் மூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு எழுந்தார். ஒரு பக்கத்தைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த மேசையில் ஏகப்பட்ட பக்கங்கள் கிடந்தன. பத்து நிமிடத்தில் ஒரு புலி வந்துவிட்டுப் போயிருக்கும். வேலை கொடுத்திருப்பேனா என்று தெரியாது. ஆனால் பார்த்தபின் அந்த வார்த்தையை எழுதியிருக்க முடியாது. ஒருவேளை அதனால்தான் கொடுக்கவில்லை.

ஆகவே மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களை பிரிஸே வில்லன்களாக்காததை இப்போது என்னால் முழுமையாகப் பாராட்ட முடிகிறது. பின்னால் 2021-ல் அவர் எடுத்த 'அன் ஓத்ர் மோந்த்' படத்தில் அதே லிண்டனை ஆட்களைக் குறைக்க வேண்டிய மேலாளராக உட்காரவைத்தார். அதே முகம், மேசையின் எதிர்ப்பக்கம். எனக்கு அந்த நடிகர் தேர்வு ஒரு வாதமாகவே தெரிகிறது.

இனி இரண்டாம் பாதி. தியெரிக்கு வேலை கிடைத்துவிடுகிறது, ஒரு பேரங்காடியில் காவலர். கேமராக்களில் திருடர்களைத் தேட வேண்டும். இறைச்சி எடுத்த ஒரு முதியவர் பிடிபடுகிறார், கையில் காசில்லை. பிறகு கண்காணிப்பு ஊழியர்கள் பக்கமே திரும்புகிறது. தள்ளுபடிச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்ட ஒரு பெண் காசாளரை, அத்தனை வருட உழைப்பையும் பார்க்காமல் நீக்குகிறார்கள். அவர் அந்தக் கடையிலேயே தற்கொலை செய்துகொள்கிறார். இதில் யாரும் தங்களைக் குற்றவாளியாக நினைக்க வேண்டாம் என்று தலைமையகத்திலிருந்து ஒருவர் வந்து பேசுகிறார். இன்னொரு காசாளர் பிடிபடும்போது, தியெரி அந்த அறையை விட்டு எழுந்து, கடையை விட்டே போய்விடுகிறார். படம் முடிகிறது.

விமர்சகர்களுக்குப் பிடித்த முடிவு. மனித மாண்பு, மௌன எதிர்ப்பு என்றெல்லாம் எழுதினார்கள். ஆங்கிலத்தில் படத்துக்கு 'த மெஷர் ஆஃப் எ மேன்' என்று பேர் வைத்தார்கள், ஒரு மனிதனின் அளவு. பிரெஞ்சுத் தலைப்பு முதல் பாதிக்கு உரியது, ஆங்கிலத் தலைப்பு இரண்டாம் பாதிக்கு. ஒன்று சந்தையைப் பற்றிப் பேசுகிறது, மற்றது ஒரு ஆளின் நெஞ்சுரத்தை. என் சண்டை இதுதான். மில்லர் வில்லியைக் காரோடு சாகவிட்டார். லோச் டேனியலை மேல்முறையீட்டு நாளன்று சாகவிட்டார். பிரிஸே கொல்லவில்லை, வெளியே நடக்கவிட்டார். மூன்று பேருக்குமே, வேலை தேடும் வயதானவர் அப்படியே தொடர்ந்து தேடிக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு முடிவு வேண்டியிருக்கிறது. அசோகமித்திரன் மட்டும் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். காதர் செத்தாரா, ஊரைவிட்டுப் போனாரா, வேறெங்காவது ஓர் அறையில் புலியாகிக்கொண்டிருக்கிறாரா, தெரியாது.

தியெரிக்கு மாற்றுத்திறனாளி மகன் இருக்கிறான். அவனுக்கான செலவையும் வீட்டுக் கடனையும் முதல் பாதி முழுக்கக் கணக்குப் போட்டுக் காட்டிய இயக்குநர், கடைசிக் காட்சியில் அந்தக் கணக்கை நோட்டிலிருந்து கிழித்துவிடுகிறார். மறுநாள் அவர் அந்த முதல் மேசையில்தான் போய் உட்கார வேண்டும். விலகியதற்குக் காரணம் கேட்பார்கள். வயது இப்போது 52 ஆகியிருக்கும். அந்தக் காட்சியைப் படம் எடுக்கவில்லை, எடுத்திருந்தால் விருது கிடைத்திருக்குமா என்று தெரியாது, எனக்கு ஒரு படம் கிடைத்திருக்கும்.

இது பொறாமையில் வரும் விமர்சனமாகவும் இருக்கலாம். எனக்குப் 14-ம் மாதம் வேலை கிடைத்தது. இயந்திரம் திருத்திய பக்கங்களில் இயந்திரம் விட்ட பிழைகளைப் பார்க்கும் வேலை. பழைய சம்பளத்தில் பாதிக்கும் கீழே. டீம் லீடுக்கு 28 வயது, தங்கமான பையன், 'அங்கிள்' என்று கூப்பிட வந்து பாதியில் 'சார்' என்று மாற்றிக்கொள்வான். சென்ற மாதம் எங்கள் குழுவில் மூன்று பேரின் வேகத்தைக் கணக்கெடுத்துத் தரச் சொன்னார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. மூவரில் ஒருவருக்கு 56 வயது. நான் கணக்கெடுத்துக் கொடுத்தேன்.

அன்றிரவு படத்தை மூன்றாம் முறையாகப் போட்டேன். முதல் பாதி முழுக்கப் பார்த்தேன். தியெரி எழுந்து போகும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்திவிட்டுப் படுத்தேன், மறுநாள் காலை ஆறு மணி ஷிஃப்ட்.